அப்பாவுக்கு மூளையில் மின்கருவி பொருத்தச் சொல்கிறார்கள்: அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுங்கள்

தறிவீடு, திருபுவனம்:

வணக்கம். அப்பாவுக்கு வயது 61. நாற்பது ஆண்டாகப் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வலக்கைக் கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியது. நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டே ஓராண்டு போய்விட்டது. பிறகு தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை அறைக்குள் நடக்கச் சொன்னார். நடக்கும்போது வலக்கை வீசாமல் விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டி, இது பார்க்கின்சன் என்றார்.

லெவோடோபா மாத்திரை தொடங்கியதும் நான்கைந்து ஆண்டுகள் கவலையில்லாமல் ஓடின. இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உடம்பு இளகுகிறது, இரண்டு மணி நேரம் தாங்குகிறது, பிறகு கட்டையாகிவிடுகிறார். இளகியிருக்கும் நேரத்திலும் நிம்மதி இல்லை. தோளும் கழுத்தும் தம்போக்கில் நெளிகின்றன. போன மாதம் தறிக்குழியில் இறங்கியவருக்குக் கால் மிதியின் மேலேயே நின்றுவிட்டது. எடுக்க முடியவில்லை. நானும் தம்பியும் கையைக் கொடுத்துத் தூக்கினோம். அன்று இரவே, பாதி நெய்த பாவைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பிறகு தறி இருக்கும் கூடத்துக்குள் அவர் வரவில்லை.

மருத்துவர் டி.பி.எஸ். பற்றி யோசிக்கச் சொல்கிறார். மண்டையில் துளையிட்டு, மூளையின் ஆழத்தில் மின்கம்பி வைத்து, நெஞ்சில் பேட்டரி பொருத்துவது. அதுவும் விழித்திருக்கும்போதே செய்வார்களாம். அம்மா கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார். மாமா, அறுவை எதற்கு, தலைக்கு மேல் காந்தம் வைத்தே குணமாக்குகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். அப்பா ஆறு மாதமாக நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கிப் பாலில் கலந்து குடிக்கிறார். மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை.

நான் கேட்க விரும்புவது இவ்வளவுதான். இதைச் செய்துகொண்டவர்களின் வீட்டில் உண்மையில் என்ன நடந்தது? காந்தம் பற்றி மாமா சொல்வது சரியா? அப்பா மறுபடி தறியில் உட்கார முடியுமா?

வாத்தியார் வீட்டம்மா, பாளையங்கோட்டை:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் வீட்டுக்காரர் கணித ஆசிரியர். 2008இல் நோய் தெரிந்தது. 2018இல், அவருக்கு 57 வயதில், டி.பி.எஸ். செய்தோம். ஏழாண்டாக அந்தக் கருவியும் எங்கள் வீட்டில் ஓர் ஆள். நல்லதும் கெட்டதும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுவது அவர் வேலை. கடைசி பெஞ்சுப் பையனுக்கும் தெரியும்படி கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. 2007ஆம் ஆண்டு நோட்டை எடுத்துப் பார்த்தால், மார்ச்சில் கோடு முட்டும் அளவுக்கு இருந்த எழுத்து டிசம்பரில் கடுகாகிவிட்டது. ஒரே வரியில் முதல் எழுத்து பெரிது, போகப்போகச் சிறிது. பார்வைக் கோளாறு என்று கண்ணாடியை மாற்றினோம். கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் இரண்டு காசோலைகள் திரும்பின. கடைசியில் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்த மருத்துவர்தான் நோயின் பெயரைச் சொன்னார். அன்று முதல் ஒரு பால் நோட்டையும் நான் பழைய பேப்பர்காரருக்குப் போடவில்லை. அவர் உடம்பின் வரலாறு முழுவதும் அதில் இருக்கிறது.

பத்தாண்டு மாத்திரையில் ஓடியபின் உங்கள் அப்பாவின் நிலைக்கே வந்தார். டி.பி.எஸ். என்ற பேச்சு எழுந்ததும் முதலில் செய்தது அறுவை அல்ல, ஒரு பரீட்சை. முந்தைய இரவிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். காலையில் கட்டிலில் புரண்டு படுக்கவும் அவரால் முடியவில்லை. அந்த நிலையிலேயே விரல் தட்டச் சொல்லி, எழச் சொல்லி, நடக்கச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். பிறகு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான அளவு மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அதே பரீட்சை. இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இவருக்குப் பாதிக்கு மேல் இருந்தது. நினைவாற்றலையும் மனநிலையையும் தனியாக ஒரு நாள் முழுக்கச் சோதித்தார்கள். மறதி நோய் தொடங்கியிருந்தால் செய்ய மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பரீட்சையை உங்கள் அப்பாவுக்குச் செய்யாமல் யாராவது அறுவைக்குத் தேதி கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரை எதைச் சரிசெய்கிறதோ, கருவியும் பெரும்பாலும் அதைத்தான் சரிசெய்யும். மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் கருவிக்கு அடங்கலாம். விலக்கு அது ஒன்றுதான். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் அப்பா தள்ளாடி விழுகிறார் என்றால், அந்தத் தள்ளாட்டத்தைக் கருவி நிறுத்தாது. அவருடைய ஒரு நாளில் மிக நல்ல ஒரு மணி நேரம் எது என்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தை, நெளிவு இல்லாமல், நாள் முழுக்க நீட்டித் தருவதுதான் இந்தச் சிகிச்சை. அதற்கு மேல் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உள்ளே நோய் தன் வழியில் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

பூனைக்காலியை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். அப்பா கணக்கில் வராத மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். நெளிவு கூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதுவும் பாலில் கலந்து குடிப்பது இரட்டைத் தவறு: பால், பருப்பு, முட்டை இவற்றின் புரதம் மருந்து உள்ளே போகும் வழியை அடைத்துக்கொள்ளும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் தண்ணீரோடு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

இனி அம்மா அழுத விஷயத்துக்கு வருகிறேன். நானும் அழுதேன். உள்ளே என்ன நடந்தது என்று பிறகு அவர் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். காலையில் தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டத்தை நான்கு இடத்தில் திருகி மாட்டினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டும் அந்தத் திருகுதான் அன்றைய நாளின் மோசமான பகுதி என்பார். சட்டத்தோடு ஸ்கேன் எடுத்து, முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ.யோடு பொருத்திக் கணக்குப் போட்டார்கள். துளை சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதுதான். துளையிடும்போது பல்லெல்லாம் அதிர்ந்ததே தவிர வலிக்கவில்லை. மூளைக்கு வலி தெரியாது.

பிறகு முடியைப் போன்ற ஒரு கம்பியை மெல்ல மெல்ல இறக்கினார்கள். அந்தக் கம்பி கேட்பதை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். வானொலியில் நிலையம் பிடிக்கும்போது வரும் இரைச்சலைப் போல இருந்ததாம். இறங்க இறங்க இரைச்சல் மெலிந்தது. திடீரென்று அடர்ந்து, ஓட்டுக் கூரைமேல் பெருமழை கொட்டியதுபோல் கேட்டதாம். வந்துவிட்டோம் என்று மருத்துவர் சொன்னது இவர் காதிலும் விழுந்தது. தன் மூளையின் ஓசையைத் தானே கேட்டேன் என்று இன்றும் வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்வார்.

மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு மருத்துவர் இவருடைய மணிக்கட்டை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். பல்சக்கரம்போல் விட்டுவிட்டு நகர்ந்த கை சட்டென்று வழுக்கிக்கொண்டு போனது. பேச்சைச் சோதிக்க ஏதாவது தொடர்ந்து சொல்லச் சொன்னார்கள். இவர் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினார். மின்சாரத்தைக் கூட்டினார்கள். ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டு என்னும்போது உதட்டோரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நாக்கு தடித்தது. உடனே குறைத்தார்கள். பக்கத்தில் ஓடும் நரம்புக் கற்றைக்கு மின்சாரம் கசிந்தால் அப்படி ஆகுமாம். எந்த அளவில் கசிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் விழித்திருக்க வைக்கிறார்கள். இப்போது சில இடங்களில் முழு மயக்கத்திலும் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நெஞ்சுக்குள் பேட்டரி வைத்து, கழுத்துத் தோலுக்கு அடியில் ஒயர் இழுக்கும் பகுதியை இவருக்கும் மயக்கத்தில்தான் செய்தார்கள்.

கருவியை உடனே ஓட்டவில்லை. புண் ஆறி, வீக்கம் வடிய ஒரு மாதம் விட்டார்கள். ஓட்டிய அன்று சிற்றுண்டிச்சாலையில் காபித் தம்ளரை ஒரு கையால் தூக்கிக் குடித்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை தூக்கிக் காட்டினார்.

ஆனால் அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆறு மாதம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய் அளவை மாற்றி மாற்றி வைத்தோம். எந்த முனையில் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று ஒவ்வொன்றும் தேடல்தான். முதல் இரண்டு மாதம் காரணமில்லாமல் கண்கலங்கினார். நடு இரவில் எழுந்து புத்தக அலமாரியைக் கலைத்து அடுக்கினார். குணம் மாறிவிட்டதே என்று பயந்து மருத்துவரிடம் சொன்னேன். முனையை மாற்றியதும் அடங்கியது. இப்படி எதைக் கண்டாலும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். உடம்பு எட்டுக் கிலோ ஏறியது. மாத்திரை பாதியாகக் குறைந்தது. நெளிவு நின்றது.

நாங்கள் இழந்தது குரல். வகுப்பறையைக் கட்டிப்போட்ட குரல் மெலிந்து குழறியது. மின்சாரத்தைக் கூட்டினால் கால் நன்றாக நடக்கிறது, நாக்கு குழறுகிறது. குறைத்தால் நாக்கு தெளிகிறது, கால் இழுக்கிறது. கடைசியில் ரிமோட்டில் இரண்டு அமைப்புகள் வைத்துக் கொடுத்தார்கள்: வெளியே நடக்க ஒன்று, பேச ஒன்று. பேரன் தொலைபேசியில் அழைத்தால் ரிமோட்டை எடுத்து மாற்றிக்கொண்டுதான் பேசுவார்.

பேட்டரி நான்கு ஆண்டு ஓடியது. 2022 ஆகஸ்டில் பால் நோட்டில் எழுத்து சிறுத்தது. வாசித்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ரிமோட்டில் பார்த்தால் பேட்டரி முடியும் தறுவாயில். இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. திடீரென்று நின்றுவிட்டால் விழுங்கவும் முடியாத அளவுக்கு உடம்பு இறுகிப்போய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும். இரண்டாம் முறை சார்ஜ் ஏற்றும் வகையைப் பொருத்திக்கொண்டோம். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் படிக்கும்போது தோளில் மாட்டிக்கொள்வார். பதினைந்து ஆண்டு வரை உழைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். செலவு முதல் முறை எல்லாம் சேர்த்து 9 லட்சத்துக்கு மேல், பேட்டரி மாற்ற 4 லட்சத்துக்கு மேல். வயலில் ஒரு பகுதியை விற்றோம். முதலிலேயே சார்ஜ் வகை பற்றிக் கேட்காமல் போனோம் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நீங்கள் கேளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தோள்வலிக்காக அக்கம்பக்கத்து பிசியோதெரபி நிலையம் ஒன்றுக்குப் போனோம். கருவி இருப்பதை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனாலும் ஒரு பெண், வலிக்கு மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றும் டயாதெர்மி இயந்திரத்தின் தட்டுகளை இவர் தோளருகே நகர்த்திக்கொண்டு வந்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்த அலை ஒயரில் பாய்ந்து மூளையில் இருக்கும் முனையைச் சூடாக்கிவிடும். சுற்றியுள்ள திசு வெந்துபோகும். அமெரிக்காவில் பல் எடுத்தபின் இப்படி டயாதெர்மி கொடுத்து ஒரு நோயாளிக்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 2001இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் மருத்துவர் அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் முதல் நாளே எச்சரித்திருந்தார். கருவியின் அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். கூடப்போகும் ஆளுக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

அலைமானி, சென்னை:

நரம்பியல் ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவன். காந்தம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அம்மையார் மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

உங்கள் மாமா இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். காந்தப் படுக்கை, காந்தத் தொப்பி என்று விற்கும் நிலைக்காந்தம் நரம்பில் எதையும் கிளப்பாது. காந்தப்புலம் மாறினால்தான் மின்னோட்டம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டியது அது. அந்தத் தத்துவத்தை வைத்து 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் ஒரு செப்புச் சுருளை மண்டைக்கு மேல் வைத்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ச்சி, மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு மண்டைத்தோல் வழியாக நேரடியாக மின்சாரம் கொடுத்துத் தூண்டியவர்கள் இருந்தார்கள். தோல் வலி தாங்க முடியாதது. எலும்பு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. அதனால்தான் சுருளுக்கு அவ்வளவு மதிப்பு வந்தது.

எங்கள் ஆய்வகத்துக்கு இயந்திரம் வந்த வாரம், அளவு பிடிக்க முதலில் என் தலையில்தான் வைத்தார்கள். இடப்பக்கம், உச்சந்தலைக்கும் காதுக்கும் நடுவே. சுருளை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தினார்கள். தீக்குச்சி ஒடிவதுபோல் டக் என்று ஓசை, மண்டையில் சுண்டிய உணர்வு, அவ்வளவுதான். ஓரிடத்தில் டக் என்றதும் மேசைமேல் இருந்த என் வலக்கைக் கட்டைவிரல் துள்ளியது. நான் அசைக்கவில்லை, அது அசைந்தது. அந்த நொடியை என்னால் மறக்க முடியாது. அந்தக் கட்டைவிரல் துள்ளும் மிகக் குறைந்த அளவை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் சிகிச்சையின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

இந்த முறைக்கு டி.எம்.எஸ். என்று பெயர். மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்தது. நொடிக்குப் பத்துத் துடிப்பு, நான்கு நொடி. பிறகு 26 நொடி ஓய்வு. இப்படி 3,000 துடிப்பு முடிய முப்பத்தேழரை நிமிடம். மயக்க மருந்து வேண்டாம், காதடைப்பான் மட்டும் வேண்டும். நல்ல சிகிச்சை. என் கண்முன்னே ஆறு வாரத்தில் முகம் மலர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் புலம் மண்டைக்கு உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வலுவிழந்துவிடும். உங்கள் அப்பாவுக்குத் தூண்ட வேண்டிய சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒரு பட்டாணி அளவு. எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் ஆறேழு சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. மேலிருந்து அதை மட்டும் தொடும் சுருள் கிடையாது. பார்க்கின்சனுக்கும் டி.எம்.எஸ். வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கும் பலன் சிறிது, டி.பி.எஸ்.ஸின் இடத்தை அது பிடிக்கவில்லை.

டி.பி.எஸ். பிறந்த கதையையும் அப்பாவிடம் சொல்லுங்கள், பயம் குறையும். முன்பெல்லாம் கடும் நடுக்கத்துக்குத் தலாமஸ் என்னும் பகுதியில் ஒரு புள்ளியைச் சுட்டுக் கருக்கிவிடுவார்கள். கருக்கியதை மீட்க முடியாது. அதனால் கருக்கும் முன், இடம் சரிதானா என்று மெல்லிய மின்துடிப்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பிரான்சின் கிரனோபிளில் 1987இல் அலிம் லூயி பெனாபிட் அந்தச் சோதனையின்போது துடிப்பின் வேகத்தைக் கூட்டினார். நொடிக்கு நூறைத் தாண்டியபோது நடுக்கம் நின்றது. நிறுத்தினால் திரும்பி வந்தது. சோதிக்கும் கருவியே சிகிச்சையாகலாமே, எதற்குக் கருக்க வேண்டும் என்று அவர் யோசித்ததில் வந்தது இது. குரங்குகளில் மாலன் டிலாங் குழு 1990இல் சப்தலாமிக் நியூக்ளியஸின் பங்கைக் காட்டியபின், கிரனோபிளில் 1993 முதல் அங்கேயே மின்முனை வைக்கத் தொடங்கினார்கள். பெனாபிட், டிலாங் இருவருக்கும் 2014இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. இன்றும் பெரும்பாலான கருவிகள் நொடிக்கு ஏறக்குறைய 130 துடிப்பில்தான் ஓடுகின்றன. பிடிக்கவில்லை என்றால் அணைக்கலாம். தேவைப்பட்டால் வெளியே எடுத்தும்விடலாம்.

கருவி பொருத்தியபின் காந்தப் படுக்கை, காந்த மாலை எதையும் வீட்டில் சேர்க்க வேண்டாம். பழைய மாதிரிக் கருவிகள் வலுவான காந்தம் அருகே வந்தால் அணைந்துவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், எந்த மாதிரி, என்னென்ன நிபந்தனை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:

எங்கள் அம்மாவின் கதை வேறு. அதையும் நீங்கள் கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் நியாயம். அவருக்கு 71 வயதில் செய்தோம். மாத்திரை வேலை செய்யும் நேரத்திலேயே வாரத்துக்கு ஒரு முறை விழுந்துகொண்டிருந்தார். பெயர்களை மறந்துகொண்டிருந்தார். பாளையங்கோட்டை அம்மா சொல்லும் அந்த மாத்திரைப் பரீட்சையை எங்களுக்கு ஒழுங்காகச் செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கை நடுக்கம் நின்றது உண்மை. கைப்பிடிச் சோறு சிந்தாமல் சாப்பிட்டார். ஆனால் விழுவது நிற்கவில்லை. கை இளகியதும் எழுந்து நடக்கும் துணிச்சல் வந்தது, அதனால் இன்னும் அதிகமாக விழுந்தார். எட்டாவது மாதம் இடுப்பெலும்பு முறிந்தது. மறதி வேகமாகக் கூடியது. மின்சாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். செய்யக் கூடாதவருக்குச் செய்தோம். உங்கள் அப்பா நல்ல நேரத்தில் விழுகிறாரா என்பதை ஒரு மாதம் தேதி போட்டு எழுதுங்கள்.

தறிவீடு, திருபுவனம்:

மூவருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வாய்ப்பாடு சொன்ன இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

பூனைக்காலியை மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. எவ்வளவு, எத்தனை வேளை என்று குறித்துக்கொண்டு, படிப்படியாக நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரத்தில் கழுத்து நெளிவு பாதி குறைந்திருக்கிறது. காலை மாத்திரையை வெறும் தண்ணீரோடு கொடுத்ததில் முக்கால் மணி நேரம் அரை மணியாகிவிட்டது. அப்பா விழுவது இல்லை. உறைவது மட்டும்தான், அதுவும் மாத்திரை இறங்கும் நேரத்தில்தான். அடுத்த மாதம் 12ஆம் தேதி திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் பார்க்கப் போகிறோம். மாத்திரைப் பரீட்சை உண்டா என்று முன்பே கேட்டு எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். குழித்தறியில் உட்கார்ந்தால் துணி சுற்றும் மரம் உடம்பை ஒட்டியிருக்கும். குனிந்து இழை பார்க்கும்போது மரத்தில் உடம்பைச் சாய்ப்பார். நெஞ்சில் பேட்டரி இருந்தால் இடிக்காதா?

வாத்தியார் வீட்டம்மா, பாளையங்கோட்டை:

தம்பி, இதைக் கட்டாயம் அறுவை செய்பவரிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தறி எப்படி இருக்கும் என்று தெரியாது. படம் எடுத்துக்கொண்டு போங்கள். என் வீட்டுக்காரருக்கு வலப்பக்கக் கழுத்தெலும்புக்கு இரண்டு விரல் கீழே, தோலுக்கு அடியில், சிறிய சோப்புக்கட்டி அளவுக்குப் புடைத்திருக்கிறது. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி பட்டாலே உறுத்தும். எந்தக் கையால் நாடாக் கயிற்றை இழுக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பக்கம் வைத்தால் ஓயாமல் ஒயர் இழுபடும். மறுபக்கம் வைக்கலாம், நெஞ்சு ஒத்துவராதவர்களுக்கு வயிற்றுப் பக்கம் வைப்பதும் உண்டு. இதை முன்னால் கேட்டால் ஒரு கேள்வி, பின்னால் கேட்டால் இன்னொரு அறுவை.

தறிவீடு, திருபுவனம்:

இன்று காலை அப்பாவைத் தறிக்குழியில் உட்காரவைத்துப் பார்த்தோம், மாத்திரை ஏறிய நேரத்தில். இரண்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் கூடத்துக்குள் வந்தார். தம்பி பின்னால் பிடித்துக்கொண்டான், நான் தையல்காரர் டேப்பை வைத்து அளந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் துணி மரம் தொப்புளுக்கு நான்கு விரல் மேலே. நன்றாகக் குனிந்தாலும் கழுத்தெலும்புக்கும் மரத்துக்கும் நடுவே 23 சென்டிமீட்டர் இருக்கிறது. கயிறு இழுப்பது வலக்கை. ஆகவே இடப்பக்கம் என்று ஒரு தாளில் எழுதி, அளவையும் போட்டு, தறியின் படத்தோடு கோப்பில் வைத்துவிட்டேன். அப்பா டேப்பை என் கையிலிருந்து வாங்கி, வயிற்றுப் பக்கம் வைத்தால் எவ்வளவு இடம் இருக்கும் என்று அதையும் அளந்து எழுதச் சொன்னார்.